ஜெர்மனி எந்தப் பக்கம்?

"அண்ணே, ஜெர்மனி எம்மாந்தூரம்?"

இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் செல்வி மாடியேறி வந்து இப்படித்தான் கேட்டார்.

விம்கோ நகரில் எங்கள் கீழ்வீட்டுக்காரர் செல்வி. கணவர் பாபு, துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். அவருக்கு ரத்தப் புற்றுநோய்; அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். புது ரத்தம் ஊற வைக்கும் ஸ்டெம் செல் வேறொருவரிடமிருந்து கிடைத்தால்தான் பிழைப்பார் என்று சொல்லிவிட்டார்கள். கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர். ஒருவருடையதும் பொருந்தவில்லை.

யாருடையது பொருந்தியது தெரியுமா? ஜெர்மனியில், பெயரைக்கூட வெளியே சொல்லாத ஒரு பெண்ணுடையது!

அந்த செல்கள்தான் அன்று ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து சென்னைக்குக் கிளம்புகின்றன. ஒரு சின்னப் பெட்டி. அதைக் கைவிடாமல் கொண்டுவர ஓர் ஆள்.

போனில் தேடிச் சொன்னேன். "ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் இருக்கும்மா. பத்து மணி நேரத்துல வந்துடும்."

"அம்மாந்தூரம்... பத்தே மணி நேரமா?"

விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் ஆப்பைத் திறந்தேன். அங்கே பனி கொட்டுகிறதாம் — விமானம் இன்னும் கிளம்பவே இல்லை.

செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இவரு ஒடம்புல இருந்ததெல்லாம் மருந்து குடுத்து அழிச்சிட்டாங்கண்ணே. உள்ள இப்ப ஒண்ணுமே இல்ல. அது வந்தாதான்..."

டீ போட்டுக் கொடுத்தேன். ஆறிப்போனது.

ஒரு வழியாகத் திரையில் அந்தக் குட்டி விமானம் நகர்ந்தது. "கெளம்பிட்ச்சு!" என்று கத்தியது அவரா, நானா... இப்போது நினைவில்லை.

கருங்கடல் வந்தது, போனது. மலைகள் வந்தன, போயின. நானும் எத்தனையோ தடவை விமானம் ஏறியவன்தான். சீட் குறுகல், சாண்ட்விச் சப்பென்று இருக்கிறது... இதைத் தவிர என்ன யோசித்திருக்கிறேன்? அன்றைக்குத்தான் உறைத்தது. மேகத்துக்கு மேலே, மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் வேகத்தில், எங்கள் கீழ்வீட்டு பாபுவின் உயிர் யாரோ ஒருவரின் சீட்டுக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருக்கிறது. எப்பேர்ப்பட்ட காலத்தில் வாழ்கிறோம் நாம்!

மறுநாள் காலை, ஆஸ்பத்திரியிலிருந்து செல்வி போன் செய்தார்.

"வந்துட்ச்சுண்ணே! கையளவு பைதான். ரத்தம் ஏத்துற மாரியே ஏத்திகினு கீறாங்க. நான் கண்ணாடிக்கு இந்தாண்ட நின்னு பாத்துகினு கீறேன். அந்தப் பொண்ண கும்புடணும்ணு தோணுது... ஜெர்மனி எந்தப் பக்கம்ணே?"

"வடமேற்கும்மா" என்றேன்.

அதற்கப்புறம் வாரக்கணக்கில் காத்திருப்பு. காய்ச்சல், வாய்ப்புண், பயம். ஆனால் புது செல்கள் மெல்ல வேர் பிடித்தன. போன வாரம் பாபு எங்கள் மாடிப்படியைத் தானே ஏறி வந்தார், முகத்தில் மாஸ்க்கோடு. மெலிந்திருந்தார். சிரித்தார்.

"சார், என் பிளட் குரூப்பே மாறிட்ச்சு. இப்ப அந்தப் பொண்ணோட குரூப்பாம்!"

எனக்குப் புல்லரித்தது. பின்னாலேயே வந்த செல்வி அலட்டிக்கொள்ளவில்லை.

"ஓடறது ஜெர்மனி ரத்தம்ணே... நாக்கு மட்டும் நெத்திலி கொழம்புதான் கேக்குது!"