சம்பந்தி வீட்டு அம்மியும் நாலு கடைசியும்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள், எழுத்து கோணினால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் உட்காரும் காபிக்கடைகளைத் தாண்டி, ஒரு சின்ன மியூசியம் கட்டினார்கள். பழைய வீட்டுச் சாமான் இருந்தால் கொடுங்கள் என்று எங்கள் அடி அண்ணாமலைக்கும் வந்து கேட்டார்கள். நான் நெல் அளக்கும் என் மரக்காலைக் கொடுத்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து என் சம்பந்தியம்மா, அதாவது என் மூத்த பெண்ணின் மாமியார், ஓர் அம்மியைக் கொடுத்தனுப்பினார். சாமான்களைப் பற்றி வீடியோ எடுக்க அங்கே ஒரு பெண் இருந்தாள். கம்ப்யூட்டரெல்லாம் அவள் பொறுப்பு. வந்த சாமான் எல்லாவற்றுக்கும் என்னையே பேசச் சொன்னாள். பேசு என்றால் எனக்குக் கேட்கவா வேண்டும்?

அம்மியைத் தடவிப் பார்த்தேன். அம்மியை உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தி வைப்பார்கள், அரைக்க அரைக்க அந்தப் புள்ளிகள் தேயும். இதில் ஒரு புள்ளிகூடத் தேயவில்லை.

"இந்த ஊட்டுப் பொம்பளைங்க அரைச்சாத்தானே தேயும்! கொத்தினவன் வந்து பாத்தா அழுதுடுவான்" என்று சொல்லிவிட்டேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது. திறப்பு விழாவுக்குச் சம்பந்தியம்மா வருவாரே! என் பெண் அந்த வீட்டில்தானே வாழ்கிறாள்! மறுநாள் காலையிலேயே ஓடினேன். அடடா, இந்த அம்மியில் அரைத்தால் தெருவே மணக்கும் என்று மாற்றிப் பேசினேன்.

"நேத்து பேசினத அழிச்சுடு கண்ணு."

"அழிக்கக் கூடாது பாட்டி. எடுத்தது எல்லாம் அப்படியே இருக்கணும். இங்க ஒண்ணு, தனி டிஸ்க்ல ஒண்ணு, வெளியூர் கம்ப்யூட்டர்ல ஒண்ணு."

"மலைமேல தீபமே வருஷத்துக்கு ஒருதரம்தான் ஏத்துறாங்க. என் வாய்க்கொழுப்பு மூணு எடத்துல வருஷம் பூரா எரியணுமா?"

விழாவில் இரண்டாவதைத்தான் போடுவேன் என்று சத்தியம் செய்தாள். அப்படியும் எனக்கு மனசு கேட்கவில்லை. விழாவுக்கு முந்தின நாள் போய் நின்றேன். அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மினு நாலு ஃபைல் இருக்கு பாட்டி. ஒண்ணு கடைசி, ஒண்ணு கடைசி புதுசு, ஒண்ணு சரியான கடைசி, ஒண்ணு இதுதான் கடைசி. எல்லாம் சேந்து ஒரு மணி நேரம் ஓடுது. இன்னும் பத்து வேலை கெடக்கு எனக்கு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க ஊட்டு அஞ்சறைப்பெட்டில எழுத்தே கெடையாது. ஒருநாளாவது கடுகுன்னு மொளகப் போட்டிருப்பேனா? இவ்ளோ படிச்சிட்டு நாலு புள்ளைக்கும் கடைக்குட்டின்னு பேர் வச்சிருக்கியே!"

"ரெண்டு, என்கூட வேலை செய்யறவர் வச்சது பாட்டி."

"மத்த ரெண்டு?"

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படத்தைக் காட்டு என்றேன். நாலு சின்னப் படம் வந்தது. மூன்றில் நான் முதல் நாள் கட்டின வெளுத்த பச்சைப் புடவையில் இருந்தேன், ஒன்றில் மாம்பழக் கலர். என் பெண்ணின் வளைகாப்புக்குச் சம்பந்தியம்மா எனக்கு எடுத்துக்கொடுத்த புடவை அது. முதல் நாள் பேசின குற்றத்துக்கு மறுநாள் அதைத்தான் உடுத்திக்கொண்டு போனேன். விரலை வைத்துக் காட்டினேன். அவள் ஓட்டிப் பார்த்தாள், தெருவே மணந்தது. அப்போதே உட்கார்ந்து நாலுக்கும் தேதி போட்டுப் பேர் மாற்றினாள். புடவைக் கலரைக்கூட ஓரமாகக் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் சம்பந்தியம்மா வந்தார். அம்மி பக்கத்தில் வைத்திருந்த வீடியோப் பொத்தானை அழுத்தினார். என் பேச்சை முழுசாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னா சம்பந்தி, இப்படி அளக்குறீங்க? இதுல நாங்க ஒரு மொளகாகூட அரைச்சதில்ல. உங்க பொண்ணு கல்யாணத்துல அம்மி மிதிக்க வாங்கின கல்லு. மருமவ கால் பட்ட கல்லுல காரம் எதுக்குனு அப்படியே எடுத்து வச்சிட்டேன்."

கல்யாணத்தன்று நான் கல்லையா பார்த்தேன்? என் பெண்ணின் காலை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் மறைக்க முடியவில்லை, முதல் நாள் பேசினதையும் சொல்லிவிட்டேன்.

"சொல்லாமலா இருப்பீங்க? உங்க வாய் எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார்.

கம்ப்யூட்டர் பெண்ணுக்குத்தான் கவலை. "அப்போ ரெண்டுமே தப்பா? மறுபடி எடுக்கணுமே!"

எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தாள். என் பெண் வலது காலைத்தான் கல்லில் வைத்தாள் என்றேன் நான். இல்லை, பதற்றத்தில் இடது காலை வைத்தாள், நான்தான் மாற்றி வைத்தேன் என்றார் சம்பந்தியம்மா. ஒருவர் ஒருவராகப் பேசச் சொல்லிப் பார்த்தாள் அந்தப் பெண். யார் கேட்டது?