பிள்ளைப்பாக்கம் மைதானத்தில் பிஸ்டன் தாண்டிய தடைகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருங்காட்டுக்கோட்டையிலிருந்து பிள்ளைப்பாக்கத்துக்கு நாயோடு போய்வந்தேன். பிஸ்டன், எங்கள் வாடகை அறையில் வளரும் தெருநாய். சேட்டை மிகுந்துபோய்க் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கோழிகளைத் துரத்திவிட்டான். வீட்டுக்காரர் எல்லம்மா அக்கா கறாராகச் சொல்லிவிட்டார்: "சொன்ன பேச்சு கேக்காத நாய் இங்க வாணாம்பா. எங்கனா கொண்டுபோய் வுட்டுடு."

விட்டால் நெடுஞ்சாலை லாரிகளுக்குத் தப்ப மாட்டான். அஜிலிட்டி பழக்கு என்றார் தொழிற்சாலை லைனில் கூட வேலை செய்பவர். நாம் வழிகாட்ட, நாய் தடை தாண்டி, குழாய்க்குள் புகுந்து ஓடும் விளையாட்டு அது. "கேக்குதான்னு நானே வந்து பாக்குறேன்" என்று அக்காவும் கிளம்பினார். எட்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய். நாயைப் பார்த்ததும் இரண்டு ஆட்டோக்காரர்கள் நிற்காமலே பறந்தார்கள். சீட்டில் விரிக்க ஒரு பழைய போர்வை கொண்டுபோங்கள்.

காலை ஏழு மணிக்குப் பிள்ளைப்பாக்கம் மைதானத்தில் வகுப்பு. நாயோடு வந்திருந்த எல்லாரும் "ஜம்ப்! ஜம்ப்!" என்று கத்தினார்கள். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். பிஸ்டன் தரையோடு ஒட்டிப் படுத்துவிட்டான். மறுபடி கத்தினேன், கண்ணையும் மூடிக்கொண்டான். என் மானம் கப்பலேறியது.

"ரூம்ல இதுகிட்ட எப்டி பேசுவீங்க?" என்றார் பயிற்சியாளர்.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் அறையில் மூன்று ஷிப்டுக்கும் ஆள் உண்டு. எந்நேரமும் யாராவது தூங்குவார்கள். பிஸ்டனிடம் பேசுவதெல்லாம் கையால்தான். குரல் உயர்ந்தால் திட்டு விழுகிறதென்று கட்டிலுக்கடியில் படுத்துவிடுவான்.

"நாங்க சத்தமே போட மாட்டோம்லா மேடம், கையத்தான் காட்டுவேன்" என்றேன்.

"அப்ப இங்கயும் வாய மூடிக்கினு கைய காட்டுங்க."

காட்டினேன். எழுந்தான். முதல் தடை, இரண்டாவது, குழாய், மறுபடி தடை! ஒன்றைக்கூடத் தட்டிவிடவில்லை. கத்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓரத்தில் நின்ற அக்கா சந்தேகமாகத் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பிஸ்டன் ஓடிப்போய் அவர் முன்னால் உட்கார்ந்தான்.

புதிதாகப் போகிறவர்களுக்கு: வகுப்புக் கட்டணம் இருநூறு. ஒரு வயது ஆகாத குட்டியை உயரம் தாண்டவிட வேண்டாம். வயிறு நிறைய சோறு போட்டுக் கூட்டிப்போகாதீர்கள். பரிசாகத் தர, பையில் வேகவைத்த கோழித்துண்டு போதும். எட்டரைக்கு மேல் வெயில் சுடும். பக்கத்தில் இருப்பவர் கத்துகிறாரே என்று நீங்களும் கத்தாதீர்கள், நாயிடம் வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள்.

திரும்பும்போது ஆட்டோக்காரர் முகம் சுளித்தார். "யாரு நாய்மா இது?"

நான் வாயெடுக்கும் முன் அக்கா பிஸ்டனின் தலையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"எங்க வூட்டு நாய்ப்பா. நீ ரோட்டப் பாத்து ஓட்டு."