பதினேழில் வைத்த நெம்புகோல்

வெர்னா க்ளைனிக்கைப் பற்றி தென் ஆஸ்திரேலியாவின் மாலி வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும், "நல்லா கேக் சுடுவா" என்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் குடும்பத்தின் விதைப்பு இயந்திரத்துக்கு அளவு பிடித்துக் கொடுத்தவள் அவள்தான் என்று ஒரு வாய் சொல்லாது. நினைத்தாலே வயிறு எரிகிறது.

அளவு பிடிப்பது ஒன்றும் மந்திரம் இல்லை. சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும், விதை விழும் குழாய்களுக்குக் கீழே தட்டு வைக்க வேண்டும், ஒரு குறிப்பிட்ட பரப்புக்கு எத்தனை சுற்றோ அத்தனை சுற்றுக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். விழுந்ததை நிறுத்துக் கணக்குப் போட்டால் ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்று தெரிந்துவிடும். அதிகமென்றால் நெம்புகோலை இறக்கி, திரும்பச் சுற்ற வேண்டும். முதுகு ஒடியும் வேலை. பொறுமை இல்லாதவன் செய்ய மாட்டான். கொழுந்தன் ரைனி செய்ததே இல்லை. அவனுக்கு டிராக்டரில் உட்கார்ந்து ஓட்டத்தான் வரும்.

புருஷன் ஹார்ட்லி போன பிறகு எழுபது ஹெக்டேர் வெர்னா பங்குக்கு வந்தது. ரைனிக்கு நூற்று முப்பது. இயந்திரமும் விதைக் குதிரும் பொது. விதைப்பு எப்போதும் ரைனியின் வயலில் தொடங்கும், வெர்னாவின் வயலில் முடியும். மாமனார் வைத்த வரிசை அது.

அந்த வருஷம் குதிரில் இருந்தது எட்டரை டன். முந்தின வருஷத்து வறட்சியில் விளைந்த கோதுமை; மணி எல்லாம் வயிறு ஒட்டிக் கிடந்தது. வெர்னா ஆயிரம் மணியை எண்ணிச் சமையலறைத் தராசில் வைத்தாள். இருபத்தெட்டு கிராம். நல்ல வருஷத்தில் நாற்பது இருக்கும். சின்ன மணி என்றால் ஒரு கிலோவுக்குள் அதிக மணி; அதே பயிர் நிற்க ஹெக்டேருக்கு நாற்பத்திரண்டு கிலோ போதும். இருநூறு ஹெக்டேருக்கும் குதிர் விதை சரியாக வரும், ஒரு மூட்டை மிஞ்சலாம். வட்டாரம் முழுக்க விலைக்கும் விதை கிடையாது. அதனால் அவள் ஒன்பது முறை சுற்றி, நெம்புகோலைப் பதினேழாம் எண்ணில் நிறுத்தினாள்.

"எங்க அப்பா இருபத்து மூணுலதான் வைக்கச் சொல்வாரு" என்றான் ரைனி.

"அது குண்டு மணிக்கு, ரைனி. இருபத்து மூணுல சுத்தியும் பாத்துட்டேன். அம்பத்தேழு கிலோ கொட்டுது. என் வயலுக்கு வரும்போது குதிர்ல காத்துதான் இருக்கும்."

"பதினேழுல போட்டா ரோட்டுலேர்ந்து பாக்குறவன் சிரிப்பான். வழுக்கத் தலையில சீப்பு ஓட்டின மாதிரி இருக்கும்."

ரைனியின் வியாதி அதுதான். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் ஆண்கள் வண்டியை ஆமை வேகத்தில் ஓட்டிக்கொண்டு அடுத்தவன் வயலை எடை போடுவார்கள். பயிர் அடர்த்தியாக நின்றால் கெட்டிக்காரன். இடைவெளி விட்டு நின்றால் சோம்பேறி. மண்ணுக்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று எவனும் இறங்கிப் பார்க்க மாட்டான்.

வெர்னாவுக்கு அந்த வாரம் அடிலெய்டில் கண்புரை அறுவை. நான்கு நாள். "நான் வர்ற வரைக்கும் நெம்புகோல்ல கை வைக்காதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். தலையைத் தலையை ஆட்டினான் பாவி.

ஒரு கண்ணில் கட்டோடு அவள் திரும்பியபோது அவன் வயல் முழுக்க விதைத்து முடிந்திருந்தது. நெம்புகோல் இருபத்து மூன்றில் இருந்தது. குதிருக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே.

"என் விதை எங்கேடா?"

"கொஞ்சம் தாராளமா போயிடுச்சு வெர்னா. விடு. உன் நிலத்துக்கு ஒரு வருஷம் ஓய்வு குடுத்தா நல்லதுதானே?"

"ஓய்வா? நான் கேட்டேனா? என் சோத்த எடுத்து உன் வயல்ல கொட்டிட்டு எனக்கே புத்தி சொல்றியா? உன் மூஞ்சிய ரோட்டுல போறவனுக்குக் காட்ட என் வயலத்தான் பட்டினி போடணுமா?"

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான். மன்னிப்பு என்ற சொல் அவன் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. வெர்னா கட்டுப்போட்ட கண்ணோடு நெம்புகோலைப் பதினேழில் வைத்து, மறுபடி சுற்றிச் சரிபார்த்து, தானே டிராக்டர் ஏறினாள். இருபத்தாறு ஹெக்டேர் போட்டதும் பெட்டி காலி. மீதி நாற்பத்து நான்கும் வெறும் மணலாய்க் கிடந்தது.

ஜூலையில் ரைனியின் வயல் கம்பளம் விரித்த மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் எல்லாம் அங்கே நின்றன. பக்கத்து வயல் டெஸ் கோயில் வாசலில் வைத்தே கேட்டான்: "என்ன வெர்னா, விதைக்க மறந்துட்டியா? கண்ணு சரியாத் தெரியலையா?" ரைனி பக்கத்தில் நின்று சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் மன்னிக்கவில்லை. ஏன் மன்னிக்க வேண்டும்?

செப்டம்பரில் மூன்று நாள், பாலைவனத்து அனலைச் சுமந்து வடகாற்று அடித்தது. நெருக்கியடித்து நின்ற ரைனியின் பயிர் ஈரத்தை எல்லாம் எப்போதோ குடித்துத் தீர்த்திருந்தது. கதிர் வெளுத்து, மணி பிடிக்காமல் நின்றுவிட்டது. அறுத்ததில் பாதி கோழிக்குக்கூட ஆகாது. முளைப்புச் சோதனையில் நூற்றுக்கு அறுபது மணிகூட முளைக்கவில்லை. இடைவெளி விட்டு நின்ற வெர்னாவின் இருபத்தாறு ஹெக்டேரில் முப்பத்தாறு டன், எல்லாம் குண்டு மணி. அதைப் பார்க்க ஒரு வண்டியும் நிற்கவில்லை. டெஸ், "காத்து உன் பக்கம் தப்பிச்சுது போல" என்றான். காற்று வேலிக்கு இந்தப் பக்கம் வேறு, அந்தப் பக்கம் வேறா வீசும்?

ஏப்ரலில் ரைனி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். தொப்பி கையில் இருந்தது.

"விதை வேணும் வெர்னா. எங்கேயும் கிடைக்கல."

"தர்றேன். பொதுக் குதிர்ல கொட்டுறேன். ஆனா இந்த வருஷம் விதைப்பு என் வயல்ல தொடங்கும். உன்னோடது கடைசி."

"அப்பா காலத்துலேர்ந்து என் வயல்லதானே தொடங்குறோம்…"

"அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு, ரைனி. விதை கேட்டு வந்து நிக்கிறது அவரு இல்ல, நீ."