பிரிவுப் பாட்டு மட்டும் மனப்பாடம்

இன்று ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தனியார் பஸ்ஸில் போனோம். அந்த டிரைவர் காதல் பாட்டுகளை வரிசை மாறாமல் போடுவார்: முதல் பார்வை, ஊடல், பிரிவு, கல்யாணம்.

முதல் இரண்டுக்கும் என் வீட்டுக்காரர் நன்றாகத் தூங்கினார்.

பிரிவுப் பாட்டு ஆரம்பித்ததும் விழித்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பி, ஒரு வரி விடாமல் கூடவே பாடினார்.

"யாரை நெனச்சுங்க இம்புட்டு உருக்கம்?" என்றேன்.

"ஏட்டி, பாட்டு நல்லாருக்குன்னு பாடுதேன். அம்புட்டுதான்."

கல்யாணப் பாட்டுக்கு மறுபடியும் தூங்கிவிட்டார்.

பதினொரு வருஷத்தில் நாங்கள் ஒரு நாள்கூடப் பிரிந்ததில்லை. பிறகு அந்த உருக்கம் யாருக்கு?

நாளைக்குச் செட்டியார்பட்டிக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறேன். பத்து நாள். எனக்காகவும் அதைப் பாடுகிறாரா என்று பக்கத்து வீட்டு அக்காவை ஒட்டுக்கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் எந்தப் பாட்டுக்கு விழிக்கிறார்?