குண்டசாலை உறுப்பினர் ஒருவர்

சங்கத்துக்கு வாராந்தம் உறுப்பினர் செய்தி எழுதுகிறவனுக்கு எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் காய்ச்சல் என்பதெல்லாம் தெரியும். அவன் வீட்டில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கோயில் சபைச் செயலாளர்களே, குடும்ப வட்ஸ்அப் குழு நடத்துபவர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கண்டிப் பகுதி நில அளவையாளர்களின் சிறிய சங்கமொன்றுக்கு ஆறு வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறேன். வெள்ளிக்கிழமை தோறும் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் ஒரு பக்கம். சம்பளம் கிடையாது, குறை மட்டும் வந்து சேரும்.

எண்பது மீற்றர்

ஹந்தானைப் பக்கம் புதுவீடு கட்டிய உறுப்பினர் ஒருவர் குடிபுகும் விழாச் செய்தியை அனுப்பியிருந்தார். வழி: பிரதான வீதியிலிருந்து எண்பது மீற்றர். நானும் அளவையாளன்தானே, ஒரு எழுத்தும் மாற்றாமல் போட்டுவிட்டேன்.

எங்கள் தொழிலில் மலையையும் தட்டையாக்கித்தான் அளவு சொல்வோம். பிளானில் எண்பது மீற்றர் என்றால் எண்பதுதான். ஆனால் காலால் போனால் இருநூற்றுச் சொச்சம் படி. பட்டுச்சேலையும் பரிசுப்பெட்டியுமாக வந்தவர்கள் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது பால் பொங்கி, ஆறி, ஆடையும் கட்டியிருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு கடைசியாக வந்த மூத்த உறுப்பினர் என்னைத் தேடி வந்து சொன்னார்: "எண்பது மீற்றர் பிழையில்ல சேர். நாங்களும் பிளானுக்குள்ள இருந்திருந்தா நேரத்துக்கு வந்திருப்போம்."

வியாழக்கிழமை அழைப்பு

சில வாரங்களில் போடத்தக்க செய்தி ஒன்றும் வராது. பக்கத்தைக் காலியாக விட முடியாதே. அதனால் வியாழன் பின்னேரம் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராக அழைப்பேன். உண்மையைச் சொல்கிறேன், செய்தி ஒரு சாக்கு. மனைவி மகளின் பிரசவத்துக்கென்று மெல்பேர்ன் போய் நான்கு வருடமாகிறது. இரண்டாவது பேரனும் பிறந்துவிட்டான். திரும்பி வரும் பேச்சு நின்றுவிட்டது. வியாழக்கிழமை ஒன்றில்தான் என் குரல் எனக்கே கேட்கும்.

திகனயில் ஒரு மூத்த உறுப்பினர், நல்ல மனிதர். முன்பெல்லாம் அரைமணி நேரம் பேசுவார். பிறகு எடுப்பதே இல்லை. ஒரு நாள் அவருடைய மகள் எடுத்தார். நான் அழைத்தால் யாரோ இறந்துவிட்டார் என்றுதான் அர்த்தம் என வீட்டில் முடிவு கட்டியிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால், கடைசி மூன்று முறையும் அப்படித்தான் ஆகியிருந்தது. மகள் மரியாதையாகத்தான் சொன்னார்: "ஒங்கட நம்பரக் கண்டாலே வாப்பாக்கு நெஞ்சு படபடக்குது அங்கிள். இனி மெசேஜ் மட்டும் போடுங்களேன்."

பெயர் இல்லாத செய்தி

போன மாதம் எனக்கு வலது கண்ணில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள், ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றே வீட்டுக்குப் போகலாம், ஆனால் கூட்டிப்போக ஆள் வந்து கையெழுத்து வைத்தால்தான் விடுவார்கள். படிவத்தில் அழைத்துச் செல்பவர் பெயர் என்ற இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. அடுத்த வீட்டுக்காரரிடம் கேட்டிருந்தால் வந்திருப்பார். கேட்கத்தான் வாய் வரவில்லை. பிறகு எழுதித் தருவதாகச் சொல்லி வந்துவிட்டேன்.

எங்கள் சங்கத்தில் 'சுகயீனம்' என்ற தலைப்பில் பெயர் வந்தால் நாலு பேராவது பார்க்கப் போவது வழக்கம். வெள்ளிக்கிழமை அந்தத் தலைப்பின் கீழ் என் பெயரை அடித்தேன், அழித்தேன். கடைசியில் இப்படிப் போட்டேன்: 'குண்டசாலை உறுப்பினர் ஒருவர் செவ்வாயன்று கண் சத்திரசிகிச்சைக்கு உட்படவுள்ளார்.' சனி, ஞாயிறு முழுக்க கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளும் வந்து விழுந்தன. யார் அவர் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அழுகை வந்தது, அதை மறைக்க அந்த வீட்டில் ஆளும் இல்லை. செய்தியைத் தந்தவன் என்ற முறையில், சம்பந்தப்பட்டவர் சார்பாக எல்லோருக்கும் நானே நன்றி போட்டேன். தலைவர் உடனே பதில் எழுதினார்: "அவரை நாங்கள் எல்லோரும் நினைப்பதாகச் சொல்லுங்கள்."

கலகெதரக்காரர்

திங்கள் காலை ஓர் அழைப்பு. கலகெதரயில் தனியாக இருக்கும் சிவலிங்கம்; யாழ்ப்பாணத்தில் பிறந்து, வேலைக்கென்று இந்தப் பக்கம் வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வாராவாரம் செய்தி அனுப்பும் ஒரே ஆள். நாய் ஐந்து குட்டி போட்டது, கண்ணாடி மாற்றினேன், கொய்யா காய்த்திருக்கிறது. இதெல்லாம் செய்தியா என்று நான் ஒன்றையும் போட்டதில்லை. முதலில் நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டார். நான்தான் என்று எப்படித் தெரியும் என்றேன். "குண்டசாலையில எங்கட சங்க ஆக்கள் மூண்டு பேர். மற்ற ரெண்டு பேருக்கும் எடுத்துப் பாத்தன், அவையின்ர கண் நல்லாத்தான் இருக்காம். ரெண்டு புள்ளி தெரிஞ்சா மூண்டாவதைப் பிடிக்கிறதுதானே எங்கட தொழில்."

படிவத்தில் பெயர் எழுத ஆளில்லை என்றேன்; தான் வருவதாகச் சொன்னார். சொன்னபடி இரண்டு பஸ் ஏறி, நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றார். கையெழுத்து வைத்தார். ஓட்டோவில் என் கட்டுப்போட்ட கண்ணில் வெயில் படாமல் குடையைச் சரித்துப் பிடித்தார். வீட்டில் தேநீர் போட்டுத் தந்து, சொட்டு மருந்தும் விட்டார். ஒரு வருடமாக அவர் எழுதியதையெல்லாம் தள்ளிவைத்த எனக்குக் குன்றிப்போயிற்று. கடைசி பஸ்ஸைப் பிடிக்கச் செருப்பைப் போட்டவர் வாசலில் தயங்கி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "நான் இண்டைக்கு இஞ்ச வந்து போனதை எண்டாலும் இந்த வெள்ளி போடுவீங்களோ?"

ஒற்றைக் கண்ணோடு தட்டச்சு செய்து, இரண்டு பேருடைய பெயரையும் தடித்த எழுத்தில் போட்டேன். நாலு பேர் கட்டைவிரல் காட்டினார்கள், அதில் ஒருவர் அவர், ஒருவர் நான்.