பல் நிறத்தில் ஒரு ஜீப்

தெருவில் அவரைப் பல்லுக்காரர் என்பார்கள். டாக்டர் அல்ல. யார் வாய்க்குள்ளும் அவர் விரல் வைத்ததில்லை. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பினால், அதற்குப் பொருத்தமான பீங்கான் பல்லைச் செய்து திருப்பி அனுப்பும் லேபில் வேலை. உருவத்தை இப்போது இயந்திரமே செதுக்கிவிடுகிறது, நிறத்துக்குத்தான் அவர். பக்கத்துப் பல்லோடு நிற்கும்போது, தான் புதிது என்று புதுப்பல் காட்டிக்கொடுக்கக் கூடாது. முப்பத்தொரு வருடத்தில் அப்படிக் காட்டிக்கொடுத்துத் திரும்பி வந்தவை ஐந்தே ஐந்து. அந்த ஐந்தையும் தேதியோடு சொல்வார்.

வெள்ளை என்று தனியாக ஒரு நிறம் இருப்பதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. கழுவிய தட்டு, கல்யாணப் பத்திரிகை, டாக்டர் கோட்டு எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் உண்டு. பதினாறு மாதிரிப் பற்களைச் செருகிய பட்டை ஒன்று சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும். மனைவியின் முதல் நரைமுடியைப் பார்த்து "பி-டூ" என்று சொல்லிவிட்டு, அடுத்த இரண்டு நாள் தன் காபியைத் தானே போட்டுக் குடித்தார்.

மனைவி குடிநீர் வாரியத்தில் புகார் தொலைபேசியை எடுப்பவர். எந்தத் தெருவில் குழாய் உடைந்தாலும் "உங்க புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டேன்" என்பார். யார் தப்பு என்று மட்டும் சொல்லமாட்டார். அது அலுவலக விதி. வீட்டிலும் அந்த விதி அமலில் இருந்தது.

இந்த வீட்டுக்கு ஜீப் வந்தது மனைவியின் தம்பியால். மச்சான் ஞாயிறுதோறும் நாலைந்து நண்பர்களோடு கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் போய், பாறையிலும் சேற்றிலும் வண்டியை ஏற்றி இறக்கி, முழங்கை சிராய்த்து, மிகுந்த மனநிறைவோடு திரும்புகிறவன். பெரிய வண்டி வாங்கியதும் பழையதை அத்தான் தலையில் கட்டினான். எஞ்சின் நன்றாக இருந்தது. பெயிண்ட்தான் தோல் உரிந்த மாதிரி நின்றது. வீட்டிலேயே அடித்துவிடலாம் என்று முடிவானது.

காட்டுக்குள் போகிற வண்டி, பச்சையும் காக்கியுமாகத் திட்டுத்திட்டாக அடித்து மறைந்து நிற்கவைக்க வேண்டும் என்றான் மச்சான்.

"யாருக்குத் தெரியாம மறையணும்? குவாரில இருக்கிறது கல்லு. அது உன்னப் பார்த்து ஓடப்போகுதா?"

அவர் தேர்ந்தெடுத்தது தந்த நிறம். பெயிண்ட் கடைக்காரர் எண் போட்ட நிற அட்டையை நீட்டியதை அவமானமாக எடுத்துக்கொண்டு, வெறும் வெள்ளை ஒரு டின்னும் மஞ்சள், பழுப்பு, சாம்பல் சின்ன டின்களும் வாங்கி வந்தார். கலப்பது தன் பொறுப்பு. மாதிரி பார்க்கத் தகரத் துண்டு சரிவராது, பல்லைப் போல வளைவு வேண்டும் என்று சமையலறையிலிருந்து எவர்சில்வர் கரண்டிகளை எடுத்தார். சொட்டு மருந்துக் குழாயால் மஞ்சளைச் சொட்டிச் சொட்டி, ஒவ்வொரு கலவையையும் ஒரு கரண்டி முதுகில் பூசி, காயவைத்து, ஜீப்பின் முகப்பில் பிடித்துப் பார்ப்பார். ஐந்து விநாடி பார்ப்பது, சாம்பல் அட்டையைப் பார்த்துக் கண்ணைக் கழுவிக்கொள்வது, மறுபடி ஐந்து விநாடி. இது லேப் முறை. பதினெட்டாவது கரண்டியில் நிறம் அமைந்தது. வீட்டில் ஒரு வாரம் எல்லோரும் முள்கரண்டியால் சர்க்கரை போட்டுக்கொண்டார்கள்.

இதே நாட்களில் லேபில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அந்த ஐந்தில் அவர் சேர்த்துக்கொள்ளாத மூன்று பற்கள் நான்கே மாதத்தில் திரும்பி வந்துவிட்டன. மூன்றும் ஒரே பல் டாக்டரம்மாவிடமிருந்து. மூன்றிலும் "நிறம் பொருந்தவில்லை" என்று சீட்டு. முதல் பல்லுக்கு அவர் போன் செய்து, உங்கள் அறை ட்யூப்லைட் சரியில்லை என்றார். டாக்டரம்மா மாற்றினார். இரண்டாவதற்கு, ஜன்னல் திரை மஞ்சளடிக்கிறது என்றார். திரையையும் மாற்றினார். மூன்றாவதற்கு, சுவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். சுவரை மாற்றுவது பற்றி இன்னும் பதில் வரவில்லை. லேப் முதலாளி மேசையில், பல்லின் நிறத்தைப் படமெடுத்தே சொல்லும் கேமராவின் விளம்பரப் புத்தகம் ஒன்று கிடந்தது. நான்காவது பல் திரும்பினால் கேமரா வரும், கேமரா வந்தால் நிறத்துக்கென்று ஒரு ஆள் எதற்கு என்பதை யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் ஜீப்பை அடிப்பதில் அவ்வளவு தீவிரம் காட்டினார். கண் கண்ணாகத்தான் இருக்கிறது என்று ஊருக்கு முன்னால் நிறுத்திக்காட்ட ஒரு முழு வண்டி கிடைத்திருக்கிறது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பள்ளங்களுக்குப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, கண்ணாடிகளைச் செய்தித்தாளும் டேப்பும் ஒட்டி மூடி, தூசி எழாமல் தரையை நனைத்து, எல்லாம் முறைப்படியே நடந்தது. ஒரே சிக்கல் இடம். வண்டி நிற்கும் முற்றத்தில் ஒரு பக்கம் சுவர். ஒரு பக்கம்தான் ஆள் நிற்கலாம். ஆகவே ஒரு ஞாயிறு இடது பாதி. பானெட்டின் நடுவில் டேப் ஒட்டி, அதுவரை. அடுத்த ஞாயிறு வண்டியைத் திருப்பி நிறுத்தி வலது பாதி. இதற்குள் கலந்த பெயிண்ட் தீர்ந்திருந்தது. சொட்டுக் கணக்கை எழுதிவைத்தீர்களா என்று மனைவி கேட்டார். கண் இருக்கும்போது கணக்கு எதற்கு என்றார். புதிதாகக் கலந்து, கரண்டியோடு ஒப்பிட்டு, சாம்பல் அட்டை பார்த்து, மறுபடி ஒப்பிட்டு, திருப்தியோடு அடித்தார்.

அதற்கடுத்த ஞாயிறு காலை மச்சான் வந்து வண்டியை முன்பக்கமாக நின்று பார்த்தான். வாயைப் பிளந்தான்.

"அத்தான், ரெண்டு கலரு! என்கிட்ட சொல்லவே இல்லியே. இந்தப் பக்கம் வெண்ணெய், அந்தப் பக்கம் பழைய பேப்பர். இப்படி ஒரு டிசைனை நான் எங்கயும் பார்த்ததில்ல."

கிண்டல் என்று நினைத்து அவர் சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை, நான்கு பக்கமும் போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். அவர் பானெட்டைப் பார்த்தார். ஐந்து விநாடி. சாம்பல் அட்டை. ஐந்து விநாடி. ஒரே நிறம். மரத்து நிழல் விழுகிறது என்றார். மரம் எதிர் வீட்டில், தெருவுக்கு அந்தப்புறம் இருந்தது.

மச்சான் போனதும் மனைவி வந்து அவர் சட்டைப்பையிலிருந்து மாதிரிப் பல் பட்டையை எடுத்தார். பதினாறு பற்களையும் கழற்றி, மீந்திருந்த பெயிண்ட் டேப்பைக் கிழித்து ஒவ்வொன்றின் எண்மீதும் ஒட்டி, கலைத்து, பானெட்டின்மீது பரப்பினார்.

"வெளுப்புலேர்ந்து மஞ்சள் வரைக்கும் வரிசையா அடுக்குங்க."

"எதுக்கு?"

"ஒரு புகார் வந்திருக்கு."

"யாருகிட்ட இருந்து?"

"பேர் சொல்ல மாட்டோம்."

ஒரு காலத்தில் லேபில் புதிதாகச் சேர்ந்தவர்கள் முன்னால், பேசிக்கொண்டே ஒரு நிமிடத்தில் இதைச் செய்து காட்டியவர். இன்று பத்து நிமிடம் ஆனது. நடுவில் இரண்டு பற்களை மூன்று முறை இடம் மாற்றினார். முடித்ததும் மனைவி டேப்பை ஒவ்வொன்றாக உரித்தார். முதல் நான்கு சரி. பிறகு மஞ்சளோடு சம்பந்தப்பட்டவை எல்லாம் தெரியாத ஊர் பஸ்ஸில் ஏறியவர்கள் மாதிரி கிடைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தன. ஏழு தப்பு.

"வெளிச்சம் சரியில்ல" என்றார்.

மனைவி இருபது வருட விதியை அப்போது மீறினார்.

"வெளிச்சம் நல்லாத்தாங்க இருக்கு. டாக்டரம்மா ரூம்லயும் நல்லாத்தான் இருந்திருக்கும். கண்ணுதான்."

அவர் பற்களைத் திரும்பப் பட்டையில் செருகினார். எண்ணைப் பார்த்துப் பார்த்துச் செருகினார். கடைசிப் பல்லையும் செருகிவிட்டு, "முதலாளி கேமரா வாங்கிடுவாரு" என்றார்.

"வாங்கட்டும். நாளைக்கு எட்டரைக்கு கண் டாக்டர்கிட்ட சொல்லியாச்சு. நானும் லீவு போட்டாச்சு."

லீவு வெள்ளிக்கிழமையே போடப்பட்டிருந்தது என்பது பின்னால் தெரிந்தது.

கண்புரை, இரண்டு கண்ணிலும் என்றார் கண் டாக்டர். எல்லாவற்றின்மீதும் லேசாக மஞ்சள் பூசிப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மஞ்சள் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் தெரியாது; மெதுவாக வருவதால் வந்ததும் தெரியாது. முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன். இடது கண் ஒன்றரை மாதம் கழித்து.

கட்டுப் பிரித்த மறுநாள் அவர் ஜீப்பின் முன்னால் போய் நின்றார். வலது கண்ணை மூடினார்: ஒரே ஜீப். இடது கண்ணை மூடினார்: நடுக்கோட்டில் ஒட்டவைத்த இரண்டு அரை ஜீப்புகள். ஒரு பாதி ஏ-ஒன். மறுபாதி நாற்பது வருடம் சிகரெட் பிடித்தவரின் கடைவாய், ஏ-ஃபோர். மூடி மூடித் திறந்து வெகுநேரம் நின்றார். எதிர் வீட்டுக்காரர் தன்னைப் பார்த்துக் கண்ணடிப்பதாக நினைத்து உள்ளே போய்விட்டார். பிறகு காபி கொண்டுவந்த மனைவியின் தலைமுடியை அவர் உற்றுப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

லேபுக்குப் போன முதல் நாள், இடது கண் ஆகும்வரை கேமரா இருப்பது நல்லது என்று முதலாளியிடம் அவரே சொன்னார். முதலாளி ஏற்கெனவே வாங்கியிருந்தார்; எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தார். இருவரும் சேர்ந்து பிரித்தார்கள். பிறகு கேமராவையும் வலது கண்ணையும் வைத்து அந்த மூன்று பற்களையும் புதிதாகச் செய்து, டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார்.

"டாக்டர், உங்க லைட்டு மேல தப்பில்ல. திரை மேலயும் இல்ல. பழைய திரையையே மாட்டிக்கலாம்."

"அதை எங்க வீட்டுக்காரர் கார் துடைக்க எடுத்துட்டுப் போயிட்டாரே" என்றார் டாக்டரம்மா. "சுவருக்கு மட்டும் ஆள் சொல்லியிருந்தேன். வேண்டாம்னு சொல்லிடறேன்."

மூன்று பற்களும் போய்ச் சேர்ந்தன. எதுவும் திரும்பவில்லை.

ஜீப்பை இன்னும் மறுபடி அடிக்கவில்லை. இதற்கிடையில் மச்சான் அனுப்பிய போட்டோ குவாரியில் எடுபட்டுவிட்டது. நண்பர்களில் இரண்டு பேருக்கு அதே மாதிரி வேண்டுமாம். வெண்ணெய்ப் பக்கத்தை எந்தக் கடையிலும் கலந்து தருகிறார்கள், அந்தப் பழைய பேப்பர் பக்கம்தான் யாருக்கும் வரவில்லை, அதை எப்படிக் கலந்தீர்கள் என்று வந்து நின்றான்.

அவர் யோசித்தார்.

"இடது கண்ணுக்கு வர்ற பதினாறாம் தேதி ஆபரேஷன் மச்சான். அதுக்குள்ள டின்னைக் கொண்டு வந்தா கலந்து தரேன்."