விளக்கு முறைக்கு லீவே எடுக்காத அமுதா

தலையில் அடிபட்டால் பெண்ணுக்கு மாத விலக்கு கூடத் தள்ளிப் போகலாம் என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் டாக்டர் சுகந்தி. சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம், கார்த்திகை அடைமழையில், ஜங்ஷன் ரோட்டில் இருந்த அவருடைய கிளினிக்கில் வைத்துச் சொன்னார். அதுவரைக்கும் தலை வேறு, வயிறு வேறு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

விளையாடுகிற பெண் பிள்ளைகளுக்குச் சோறாக்குகிறவள் உலையை மட்டும் பார்த்தால் போதாது, முகத்தையும் பார்க்க வேண்டும். பெண்ணைப் பெற்று, வெளியூருக்கு அனுப்பிவிட்டு, போன் வரும் வரைக்கும் கையைப் பிசைந்துகொண்டு இருக்கும் அம்மாக்களே, உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். நான் ஆறாவது வரைக்கும் படித்தவள். என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கல்யாணமாகி வீடு வெறிச்சென்று ஆன பிறகு, விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன கபடி விடுதியில் சமையலுக்குச் சேர்ந்தேன். ஏழு பெண்கள், ஒரு மாஸ்டர், நான். அவ்வளவுதான் விடுதி.

ஏழு பேர், ஏழு கிழமை

சமையல்கட்டை ஒட்டி ஒரு சாமி அலமாரி வைத்திருந்தேன். அதில் ஒரு பீங்கான் விளக்கு. கம்பெனியில் ஓரம் கோணிப்போனது என்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கி வந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அதை ஏற்றுவது பெண்கள் வேலை. ஏழு பேருக்கும் ஆளுக்கொரு கிழமை. மாத விலக்கு வந்தவள் சமையல்கட்டு வாசலில் நின்று, "பெரியம்மா, நான் லீவு" என்பாள். வேறொருத்தி ஏற்றிவிடுவாள். அந்த வழக்கத்தை நான் போடவில்லை. அவரவர் வீட்டிலிருந்து கொண்டு வந்தது.

அதனால் யாருக்கு எப்போது நாள் என்பது எனக்குத்தான் அத்துபடி. மாஸ்டர் தனசேகர் தங்கமான மனுஷன். காலையில் களத்தில் கிடக்கும் பீங்கான் சில்லுகளை அவரே குனிந்து பொறுக்கிய பிறகுதான் பெண்களை இறங்க விடுவார். ஆனால் ஒரு பெண் "வயித்து வலி சார்" என்றால் உடனே வானத்தைப் பார்ப்பார். மழை வருமா என்று பார்க்கிற மாதிரி. பயிற்சியைக் கூட்டவா குறைக்கவா என்று தெரிந்துகொள்ள தினமும் என்னிடம் வந்து நிற்பார். நான் வாயைத் திறப்பதற்குள் அவசரமாகச் சொல்வார்:

"பேரு வேணாங்க்கா. எண்ணிக்கைய மட்டும் சொல்லுங்க."

ரத்தம் வராத அடி

அமுதா திட்டக்குடியைத் தாண்டி இருக்கிற மங்களூர்ப் பக்கத்துப் பெண். கபடி பாடிப் போவதில் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. தை மாசத்தில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், அதில் வந்துவிட்டால் பின்னால் போலீஸ் வேலைக்கு வழி இருக்கிறது என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். வீட்டிலோ, தையில் அணிக்கு எடுக்காவிட்டால் மாசியில் கல்யாணம் என்று முடிவு. அந்தப் பெண்ணுக்குத் தையை விட்டால் வேறு மாசமே இல்லை.

புரட்டாசியில் கருவேப்பிலங்குறிச்சிப் பெண்களோடு ஒரு ஆட்டம். பாடிக்கொண்டு போனவளை நாலு பேர் மடக்கினார்கள். அதில் ஒருத்தியின் முழங்கால் அமுதாவின் நெற்றிப்பொட்டில் இடித்தது. விழுந்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்தாள். எழுந்து நேராகப் போய் எதிர் அணியோடு நின்றுகொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என்னத்தை மறைப்பது. ரத்தம் வரவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்று முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தார் மாஸ்டர். வீட்டுக்கு வந்ததும் நான் தைலம் தேய்த்து, திருநீறு பூசி, ரசம் சோறு போட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், அன்றைக்கு நாலாவது தடவையாகக் கேட்டாள்:

"பெரியம்மா, நாம ஜெயிச்சமா?"

என் பாராட்டு

மறுநாள் களத்தில் நின்றாள். அதற்கடுத்த நாளும் நின்றாள். ஆனால் மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொள்வாள். வெயிலில் கண்ணைச் சுருக்குவாள். கேட்டால், "ஒண்ணுமில்ல பெரியம்மா, தூக்கம் பத்தல" என்பாள். ஒன்று மட்டும் புதிதாக இருந்தது. யார் லீவு சொன்னாலும் அந்த முறையை இவள் வாங்கிக்கொண்டாள். விளக்கை ஏற்றிவிட்டு அதன் முன்னாலேயே அரை மணி உட்கார்ந்திருப்பாள். ஐப்பசி முழுக்க இப்படி, கார்த்திகையிலும் இப்படி. அவள் ஒரு நாள்கூட லீவு என்று வாசலில் வந்து நிற்கவில்லை.

எனக்கோ சந்தோஷம். சாமி பேரைச் சொன்னால் உருகுகிற ஆள் நான். ஒரு நாள் எல்லோரும் சாப்பிடும்போது, "அமுதாவப் பாத்துக் கத்துக்கங்கடி. அவளுக்கு இருக்குற பக்தில உங்களுக்குக் கால்வாசி இருக்குதா?" என்று கேட்டேன். அமுதா தலையைக் குனிந்தாள். பாத்திரம் கழுவும்போது கஸ்தூரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அமுதாவுக்குப் பக்கத்துப் பாய்க்காரி அவள்.

"பெரியம்மா, அங்கதான் சத்தமில்ல, தலவலி தாங்குதுன்னு ஒக்காந்திருக்கா. பக்தியெல்லாம் இல்ல. ரெண்டு மாசமா அவளுக்கு லீவே வரல."

பெயர் இல்லாத பிராது

அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அமுதாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பயந்துபோய் நேராக எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். அவள் ஊரில் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, அம்மா ராசாத்தியைக் கூப்பிடச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன். கல்யாணமாகாத பெண்ணுக்கு இரண்டு மாசம் தள்ளிப்போயிருக்கிறது என்று கேட்ட தாய் வேறு எதை நினைப்பாள்? அந்த மழையிலும் திட்டக்குடி வந்து பஸ் மாறி, மறுநாள் பத்து மணிக்கெல்லாம் வந்து நின்றாள்.

வந்தவள் மகளை அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. மகளின் துணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். "யாருடி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அமுதா, "யாரும் இல்லம்மா, சத்தியமா யாரும் இல்ல" என்று தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போகிற வழியில் மணவாளநல்லூரில் இறங்கி, கொளஞ்சியப்பர் சாமிக்குப் பிராது எழுதிக் கட்டிவிட்டுத்தான் ஊருக்குப் போவேன் என்றாள் ராசாத்தி. எங்கள் பக்கத்தில் போலீஸுக்குப் போகாதவர்கள்கூட அவரிடம் எழுத்தில் புகார் கொடுப்பார்கள். நான் அவள் கையைப் பிடித்தேன். "அவசரப்பட்டு உனக்குப் போன் போட்டது என் தப்பு. ஒரு நாள் பொறும்மா, டாக்டரம்மாகிட்ட காட்டிட்டுப் பேசிக்கலாம். யாருன்னே தெரியாம யாரு பேர்ல பிராது எழுதுவ?" என்றேன்.

"எடத்த வுட்டுட்டு எழுதுறேன்க்கா. அவருக்குத் தெரியாதா யாருன்னு?"

முழங்காலின் தப்பு

அன்று சாயங்காலமே டாக்டர் சுகந்தியிடம் போனோம். மாஸ்டர் குடையோடு வெளியிலேயே நின்றுகொண்டார். டாக்டர் முதலில் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம் என்று சோதனை செய்தார். ஒன்றும் இல்லை என்று வந்தது. ராசாத்தி பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்புறம் டாக்டர், கடைசியாக எப்போது வந்தது, அதற்குப் பிறகு காய்ச்சல் வந்ததா, எங்கேயாவது விழுந்தாயா என்று கேட்டார். அமுதா தை மாசத்தை நினைத்து மழுப்பினாள். நான்தான் முழங்கால் கதையைச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கிறதாம். மாசாமாசம் வரவேண்டியது வருவதற்கு அங்கிருந்துதான் உத்தரவு போகுமாம். தலை பலமாகக் குலுங்கினால் சில பேருக்கு அந்த உத்தரவு தடுமாறுமாம். பெண்களுக்கு ஹார்மோன் மாசம் முழுக்க ஏறி இறங்குவதால், தலையில் அடிபட்டது ஆறுவதும் ஆண் பிள்ளைகளைப் போலவே இருக்க வேண்டியதில்லை, சில பேருக்கு நாள் பிடிக்கலாம். "எல்லாருக்கும் இப்படித்தான்னு சொல்ல முடியாதும்மா, இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க. ஆனா கேக்காம விடக்கூடாது" என்றார். தலைவலி சுத்தமாக நிற்கும் வரைக்கும் களத்தில் கால் வைக்கக் கூடாது, ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் ஆபத்து என்றும் சொன்னார். வலி வருகிற நாளையும் விலக்கு நாளையும் நோட்டில் குறிக்க வேண்டும். அடுத்த மாசமும் வராவிட்டால் ரத்தப் பரிசோதனை.

"அப்ப தை மாசம்?" என்றாள் அமுதா. டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். அன்றைக்கு அந்தப் பெண் அழுத அழுகை, முந்தின அழுகையைவிடப் பெரிசு. ராசாத்தி முந்தானையை எடுத்துவிட்டு, "அப்ப எம்மவ தப்பு எதுவும் பண்ணலீங்களா?" என்று கேட்டாள்.

"தப்பு பண்ணது அந்த முழங்கால்மா. அதுவும் தெரியாமப் பண்ணிச்சு."

அம்மிக்கு வந்த வாழ்வு

அன்றிலிருந்து அமுதா எழுந்து முகம் கழுவும் வரைக்கும் மிக்ஸி கிடையாது. சட்னிக்கு அம்மிதான். ருசி கூடிவிட்டது என்று மற்ற பெண்கள் நாலு இட்லி கூடுதலாகத் தின்றார்கள்; என் தோள்பட்டைக்குத்தான் தெரியும். மாஸ்டர் ஒரு நோட்டு வாங்கி வந்து கோடு போட்டுக் கொடுத்தார். தலைவலி வந்த நாளுக்குச் சிவப்புப் பொட்டு ஒட்டினாள் அமுதா. கார்த்திகைப் பக்கம் முழுக்க அம்மை போட்ட மாதிரி இருந்தது. மார்கழியில் குறைந்தது. விலக்குதான் வரவில்லை; ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், பயப்பட ஒன்றுமில்லை, பொறுத்துப் பார்க்கலாம் என்றார்.

ராசாத்தி பெட்டியைத் திறந்து துணியைத் திரும்ப அடுக்கி வைத்துவிட்டுத்தான் ஊருக்குப் போனாள். மாசிக் கல்யாணம் என்னாயிற்று என்று நான் பயந்துகொண்டே போனில் கேட்டேன்.

"தலவலியோட யாரு பொண்ணக் கட்டிக் குடுப்பா? அடுத்த தைக்கு ஆடட்டும். நல்ல வேள பிராது கட்டல, கட்டியிருந்தா வாபஸ் வாங்க மறுபடியும் பஸ்ஸு புடிக்கணும்."

வாசலில் நின்ற வெள்ளிக்கிழமை

தை மாசம் அணிக்கு ஆள் எடுத்தார்கள். அமுதா போகவில்லை. கஸ்தூரி போனாள், தேறவில்லை. திரும்பி வந்து இவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இவள்தான் அவளைத் தேற்றினாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அமுதாவின் முறை. ஆறு மணிக்குச் சமையல்கட்டு வாசலில் நிழல் ஆடியது. நிமிர்ந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் சொல்வதற்கு முன்பே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கு விளக்கை நான்தான் ஏற்றினேன். ஆனால் திரியை அவள் கையால் திரித்துக் கொடுக்கச் சொன்னேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை.

பங்குனியில் டாக்டர் சரி என்றார். முதல் வாரம் நடை, அப்புறம் ஓட்டம், அப்புறம்தான் களம். அடுத்த தையில் அவள் மாவட்ட அணிக்குப் போனது வேறு கதை. அந்த வெள்ளிக்கிழமைதான் எனக்கு முக்கியம். அதற்கு மறுநாள், சனிக்கிழமை காலையில், மாஸ்டர் வழக்கம்போல வந்து நின்றார். வானத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்.

"என்னங்க்கா, அமுதாவுக்கு நாள் வந்துடுச்சா?"

பிள்ளையின் பக்தியைப் பார்த்து மெய்சிலிர்த்தேனே ஒழிய அவள் தலைவலியைப் பார்க்காத நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: உங்கள் வீட்டுப் பெண் தலையில் அடிபட்டு வந்தால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கிற அதே வாயால் விலக்குத் தேதியையும் கேட்டுவிடுங்கள், என்னைப் போல முதலில் போன் பூத்துக்கு ஓடாதீர்கள்.